பாதாளமும் செப்புத்தகடும்

கண்ணாற் கண்ட பொருளை வரைதல் அரிது. காணாத பொருளை வரைதல் எளிது என்று எண்ணுவார் பலர். மாடொன்றை வரைந்தால், கொம்பு கோணியது, கால் குட்டையாயிற்று என்று குற்றங்கூற எதிரே மாடு நிற்கும். எமனை வரைந்தாலோ, குற்றங்கூற எமன் வரப்போவதில்லை. வருவானாயின், அதனைக் கேட்டுத் திருத்துதற்கு ஓவியனுக்கு அவகாசமும் இராது. ஆயினும் உண்மை இவ்வெண்ணத்துக்கு மாறானது. காணாத பொருளை வரைபவன் தன் உள்ளத்தையே வரைகின்றான். ஒரு சமுதாயம் பாதாளத்தில் யாரைக் குடியிருத்தியது, அவர்க்கு எவ்வடிவு கொடுத்தது என்று நோக்கின், அச்சமுதாயம் எதற்கு அஞ்சிற்று, எதனை நீதியென மதித்தது என்பது தெளிவாகும். ஆதலின், பாதாளச் சித்திரம் பிள்ளை விளையாட்டன்று. இவ்விழாமலரின் வாசகர்களாகிய பழைய மாணவரும், இன்றைய மாணவரும், ஆசிரியப் பெருமக்களும் ஒருசேரச் சிந்தித்தற்குரிய பொருளாக இதனை எடுத்துக்கொண்டோம்.

ஐரோப்பிய ஓவிய வரலாற்றில், ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையுள்ள காலத்தைப் பரோக்குக் காலம் என்பர். ஒழுங்கற்ற முத்தைக் குறிக்கும் போத்துக்கேயச் சொல்லினின்று இப்பெயர் பிறந்ததென்று கூறுவர். அமைதியை விட்டு வேகத்தையும், சமனை விட்டுத் திருப்பத்தையும், சீரான வெளிச்சத்தை விட்டு இருளைக் கிழிக்கும் ஒளியையும் அக்கால ஓவியர் விரும்பினர். இத்தகைய உள்ளத்துக்குப் பாதாளம் போல வாய்த்த பொருள் வேறு எது? பிரான்சு நாட்டு ஜாக் கலோ என்பார் 1635 ஆம் ஆண்டு, தாம் மறைந்த அதே ஆண்டில், புனித அந்தோனியார் சோதிக்கப்பட்ட கதையை இரண்டாம் முறையாகத் தகட்டில் வரைந்தார். வானை மறைத்து விரிந்த பெரும் பூதமொன்று தன் வாயினின்று சிறு பூதங்களை உமிழ்கின்றது. கீழே நூற்றுக்கணக்கான குறும்பூதங்கள் ஆடியும், பாடியும், கருவிகள் தாங்கியும் திரிகின்றன. துறவியோ ஒரு மூலையில் சிறு உருவமாய்த் தோன்றுகின்றார். படத்தைக் காண்போன் முதலிற் காண்பது பூதத்தை. துறவியைத் தேடித்தான் காணவேண்டும்.

இப்படங்கள் உருவான முறையையும் அறிதல் வேண்டும். ஓவியர் முதலில் தாளில் இறகுப்பேனாவால் வரைவர். மாசிக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துச் செய்த மையே அவர்கள் பெரிதும் பயன்படுத்தியது. மையை நீரிற் கரைத்துத் தூரிகையாற் பூசி நிழல் காட்டுவர். பின்னர் அச்சித்திரம் செப்புத்தகட்டுக்கு மாற்றப்படும். கூரிய சிற்றுளியாற் செம்பைச் செதுக்குவது ஒரு முறை. மெழுகுப் பூச்சின்மேல் ஊசியாற் கீறி, கீறிய இடத்தை அமிலம் அரிக்கும்படி விடுவது மற்றொரு முறை. கலோ மெழுகுக்கு மாறாக, நரம்பிசைக் கருவி செய்வோர் கையாளும் கடினமான வார்னிசைப் பூசினார். அதனால் மயிரிழை போன்ற கோடும் சிதையாது நின்றது. தகட்டின் பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, நனைந்த தாளை அதன்மேல் வைத்து உருளை அழுத்தத்திற் கொடுத்தால், பள்ளத்தில் நின்ற மை தாளில் ஏறிவிடும்.

இஃது எமக்கு முற்றும் அந்நியமான வித்தையோ? அன்று. ஓலையிலே எழுத்தாணியாற் கீறி, கரியும் இலைச்சாறும் தடவி, மேலே துடைத்துவிட்டால், கீறலில் நின்ற கரி எழுத்தாய்த் தோன்றும். இதனை எம் முன்னோர் மையாடல் என்றனர். செப்புத்தகட்டின் தத்துவமும் இதுவே. எம்மவர் ஓலையைத் தாளில் அழுத்திப் படியெடுக்கவில்லை, மேனாட்டார் எடுத்தனர். வேறுபாடு அவ்வளவே. ஆனால் அவ்வொரு வேறுபாட்டின் விளைவு மிகப் பெரிது. ஓர் ஓலை ஓர் ஊரில் இருக்கும். ஒரு செப்புத்தகட்டினின்று பிறந்த நூற்றுக்கணக்கான படிகள் கடல் கடந்து செல்லும். பெருகிச் சென்ற படமே உலகத்தார் மனத்தில் உண்மையாய் அமர்ந்துவிடும்.

அவ்வாறு அமர்ந்த படங்களில் எம் தெய்வங்களும் எம் பாதாளவாசிகளும் உள்ளனர். லுடொவிக்கோ டி வர்த்தேமா என்னும் இத்தாலியப் பயணி 1510 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், கள்ளிக்கோட்டை அரசன் வழிபடும் உருவம் கொம்பும் முடியும் உடையதென்றும், உயிர்களை வாயிலிட்டு விழுங்குவதென்றும் எழுதினார். 1515 ஆம் ஆண்டு அவுக்சுபேர்க் நகரில் அந்நூலின் ஜெர்மன் பதிப்பு வந்தபோது, யோர்க் புரூ என்னும் ஓவியர் அதற்கு மரக்கட்டைப் படம் வரைந்தார். அவர் கள்ளிக்கோட்டையைக் கண்டவரல்லர். தம் ஊர்த் தேவாலயச் சுவரில் நரகத்தைக் கண்டவர். ஆதலின், தம் நரகத்துப் பிசாசையே எடுத்து மலையாளத்துக் கோயிலில் அமர்த்திவிட்டார். பார்த்தா மித்தர் என்னும் வங்காள அறிஞர் 1977 இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலிலே, இத்தகைய பிசாசுருவங்கள் ஐரோப்பியர் கண்ணுக்கும் இந்தியச் சிற்பத்துக்கும் இடையே நெடுங்காலம் திரையாய் நின்றமையை விரித்துக் காட்டியுள்ளார்.

பரோக்குக் காலத்தில் இத்தொழிலுக்குத் தலைநகராய் விளங்கியது ஒல்லாந்தின் அம்ஸ்ரர்டாம் நகரம். அத்தனாசியஸ் கிர்ச்சர் என்னும் யேசுசபைப் பேரறிஞர் 1638 இல் வெசூவியஸ் எரிமலையின் வாயிலே இறங்கிப் பார்த்தவர். நிலத்தின் கீழுள்ள தீயையும், நீரையும், கனிமத்தையும், குகைகளில் வாழ்வதாக நம்பப்பட்ட பறவைநாகங்களையும் பற்றி அவர் எழுதிய பெருநூல், 1665 அளவில் அந்நகரில் செப்புத்தகட்டுப் படங்களோடு வெளிவந்தது. 1667 இல் வந்த அவரது சீனநாட்டு நூலிலே திருமாலின் பத்து அவதாரங்களும் படமாய் இடம்பெற்றன. அவற்றுக்கான செய்தியை அளித்தவர் வடஇந்தியாவிற் பணிபுரிந்த ஹைன்ரிக் ரோத் பாதிரியார்.

அதே பதிப்பக மரபினர் 1672 இல் வெளியிட்ட மற்றொரு நூல் எம் நாட்டோடு நேரே தொடர்புடையது. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமானபின், பிலிப்பஸ் பால்டேயஸ் என்னும் பாதிரியார் ஏறத்தாழ ஏழாண்டு அங்கே பணிபுரிந்தார். மலையாளக்கரை, சோழமண்டலக்கரை, இலங்கை ஆகிய மூன்றையும் பற்றி அவர் எழுதிய நூலிலே யாழ்ப்பாணத்துக் கோவிற்பற்றுகளின் தேவாலயங்கள் படமாய் உள்ளன. தமிழெழுத்து வடிவங்கள் உள்ளன. தசாவதாரங்களும் செப்புத்தகட்டிற் செதுக்கப்பெற்று நிற்கின்றன. நிலமகளைப் பாதாளத்தினின்று மீட்ட வராகமும், மாவலியைச் சுதலத்துக்கு அனுப்பிய வாமனனும் அம்ஸ்ரர்டாம் மையில் இவ்வாறு தோன்றினர்.

ஈண்டு ஊன்றி நோக்கற்பாலதொன்று உண்டு. அவதாரங்களைப் பற்றிய அப்பகுதியின் உரை பாதிரியார் யாழ்ப்பாணத்திற் கேட்டு எழுதியதன்று. பிலிப்ஸ் ஏஞ்சல் என்னும் லெய்டன் ஓவியர் 1658 அளவில் எழுதிவைத்த கையெழுத்து நூலினின்று, அவர் பெயரைக் கூறாமலே எடுத்தாண்டது என்பதை ஆராய்ச்சியாளர் ஒப்புநோக்கிக் காட்டியுள்ளனர். அக்கையெழுத்து நூல் பெல்ஜியத்துப் போஸ்ரல் மடாலயத்தில் உள்ளது. பாதிரியாரின் உழைப்பை நாம் இகழவில்லை. தமிழெழுத்தை ஐரோப்பியர் கண்முன் அச்சிற் கொணர்ந்தமை சிறு தொண்டன்று. எனினும், நாற்புறமும் தமிழர் சூழ வாழ்ந்தவர், தமிழர் தெய்வத்தைப் பற்றி எழுதுங்கால் வேறொருவர் ஏட்டைப் புரட்டினார் என்பது சிந்திக்கத்தக்கது. பக்கத்துத் திண்ணையில் இருந்தவரைக் கேட்டிருந்தால், மாவலி யாரென்று அவர் சொல்லியிருப்பார்.

அவர் என்ன சொல்லியிருப்பார்? பாதாளம் என்பது எம் மரபில் ஏழு கீழுலகங்களின் தொகுதி. அதலம், விதலம், சுதலம் என்று எண்ணிச் சென்று பாதாளத்தில் முடிவது. அது வேறு, நரகம் வேறு. சுதலத்தில் வாழும் மாவலி தண்டனைக் கைதியல்லன். வாக்குக் காத்தமைக்காகத் திருமாலையே வாயில்காவலனாய்ப் பெற்ற மன்னன். கீழுலகில் வாழும் நாகர் மணிகளுக்கு உரியவர். மாமல்லபுரத்துப் பெரும்பாறையின் நடுப்பிளவிலே கைகூப்பி மேலெழும் நாகரைக் கண்டோர் அவ்வுருவங்களில் அச்சத்தையன்றி அழகையே காண்பர். நரகத்துக்குத் தலைவனாகிய எமனோ தென்றிசைக் காவலன். தருமராசன் என்பது அவன் பெயர். நசிகேதன் என்னும் சிறுவன் மூன்று இரவு தன் வாயிலிற் பசித்திருந்தமைக்காக வருந்தி, மூன்று வரம் அளித்து, இறுதியில் அவனுக்கு ஆசிரியனுமாய் அமர்ந்தவன். எருமையும், பாசமும், தண்டமும் அவனுக்கு உண்டு. ஆனால் தீமையை விரும்பும் உள்ளம் இல்லை. மேனாட்டுப் பிசாசு இறைவனுக்குப் பகைவன். எம் எமன் இறைவன் ஆணைக்கு அடங்கிய அலுவலன். மார்க்கண்டேயன் பொருட்டு அவன் உதையுண்டதும், அலுவலை எல்லை கடந்து செலுத்தியமைக்கேயன்றி அலுவலே தீது என்பதற்கன்று.

எமனுடைய கணக்கராகிய சித்திரபுத்திரனார் கதை இன்னும் வியப்புக்குரியது. சிவபெருமான் பொற்பலகை ஒன்றில் ஓர் உருவத்தை எழுதி, அதற்கு உயிர் கொடுத்தார். சித்திரத்தினின்று பிறந்தமையால் அவர் சித்திரபுத்திரன் ஆனார் என்று தமிழ்நாட்டு வழக்கொன்று கூறும். காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனிக்கோயில் உண்டு. கையில் ஏடும் எழுத்தாணியும் தாங்கி அமர்ந்திருக்கின்றார். பாதாள உருவங்களைச் செப்புத்தகட்டில் வரைந்தனர் மேனாட்டார். எம்மவரோ, மறுவுலகத்தின் கணக்கரே உலோகப் பலகையில் எழுதிய சித்திரத்தினின்று பிறந்தவர் என்றனர். மனிதர் செயலைப் பிழையின்றிப் பதிவுசெய்பவர் ஒரு சித்திரம் என்ற கருத்து எத்துணை ஆழமானது! உள்ளதை உள்ளவாறு எழுதுவதே சித்திரத்தின் அறம் என்பதை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது.

இவ்வறத்தை உரைகல்லாய்க் கொண்டு நோக்கின், பரோக்குக் காலப் படங்களின் ஆற்றலும் குறையும் ஒருங்கே புலனாகும். கையின் திறமையில் அவற்றுக்கு நிகர் காண்டல் அரிது. ஆனால் கேளாது வரைந்த இடமெல்லாம், ஒளியும் நிழலும் எத்துணைச் சிறந்திருந்தும், பொருள் பிறழ்ந்தது. தகட்டில் வலப்புறம் வரைந்தது தாளில் இடப்புறம் பதியும் என்பது அத்தொழிலின் இயல்பு. கவனமற்ற கையில் சங்கும் சக்கரமும் இடம் மாறிவிடும். கை மாறியதைக் கண்ணாடி வைத்துப் பார்த்துத் திருத்தலாம். நீதிபதி பிசாசாய் மாறியதை எந்தக் கண்ணாடி திருத்தும்?

நானூறு ஆண்டுக்கு முந்திய இக்கதை கந்தப்பளையில் இருக்கும் எமக்கு எதற்கு என்று கேட்பாருளர். எமக்கே மிகவும் வேண்டும் என்பது எமது துணிபு. ஏனெனில், பிறரால் வரையப்பட்டு, அப்படத்தாலேயே உலகத்தாருக்கு அறிமுகமான மக்கள் நாம். 1890 இல் தோமஸ் லிப்டன் இலங்கையில் தோட்டங்களை வாங்கியபின் மேனாட்டுச் சந்தைக்குச் சென்ற விளம்பரங்களையும், அக்காலத் தபாலட்டைகளையும் காணுங்கள். கூடை சுமந்த தமிழ்ப்பெண் அவற்றிற் புன்னகை புரிகின்றாள். அவள் காலில் அட்டை இல்லை. தலையில் மழை இல்லை. லயக் காம்பராவின் புகை அவள் கண்ணை எரிக்கவில்லை. யோர்க் புரூ எம் கடவுளைப் பிசாசாக்கினார். விளம்பர ஓவியர் எம் தாயைத் தேயிலைப் பெட்டியின் அலங்காரமாக்கினார். ஒன்று இழித்தது, மற்றொன்று இனிப்பாக்கியது. வரையப்பட்டவரைக் கேளாமல் வரைந்தமை இரண்டுக்கும் பொது.

எம் பாதாளவாசிகள் இம்மலைகளில் இல்லாமற் போகவில்லை. மாசி மாதத்தில் தோட்டங்களிற் காமன் கூத்து நிகழுங்கால் வீரபத்திரர் வருகின்றார், தூதன் வருகின்றான், எமனும் வருகின்றான். தப்பு முழங்க, முகத்திற் பூசிய வண்ணம் தீப்பந்த ஒளியில் மின்ன, எமன் களத்தில் இறங்கும்போது, ஒளியையும் இருளையும் மோதவிட்ட பரோக்கு ஓவியர் எவரும் அக்காட்சியைக் கண்டு கோல் எடுக்காது இரார். ஆனால் விடிந்ததும் அவ்வண்ணம் பீலித் தண்ணீரில் கழுவப்பட்டுவிடுகின்றது. எந்தத் தோட்டத்து எமன் எவ்வாறு முகம் எழுதினான், என்ன முடி தரித்தான், தூதனுக்கும் அவனுக்கும் வேடத்தில் வேறுபாடு யாது என்பவற்றைச் சொல்லவல்ல முதியோர் ஆண்டுக்காண்டு குறைகின்றனர். அவர் மறைந்தபின் சித்திரபுத்திரனார் ஏட்டிலன்றி வேறெங்கும் அப்பதிவு இராது.

எமது வகுப்பறையில் எமனை வரைக என்று கூறினால், கைப்பேசித் திரையிற் கண்ட செந்நிற மேனியையும், முள்வாலையும், மூன்று முனைக் கவையையும் வரையும் மாணவர் பலர். அவர்கள்மேற் குற்றமில்லை. எவருடைய படம் பெருகிற்றோ அவருடைய எமனே வருகின்றான். அன்று அவுக்சுபேர்க் ஓவியர் அறியாது செய்ததை, இன்று கந்தப்பளைச் சிறுவன் தன் பாட்டனார் ஆடிய எமனுக்கே செய்கின்றான். பிறர் எம்மைத் தவறாக வரைந்தமையினும், பிறர் கண்ணால் நாமே எம்மை வரையத் தொடங்கியமை பெரிய இழப்பாகும்.

சிலர் மறுப்பர். பேயும் பூதமும் வரைவித்தல் மூடநம்பிக்கையை வளர்க்கும் என்பது ஒரு மறுப்பு. கலோவின் பூதங்களைப் போற்றும் நாட்டார் பூதங்களுக்கு அஞ்சி வீட்டினுள் ஒளிந்திலர். ஓர் உருவத்தின் பொருளை ஆராய்ந்து வரைபவன் அதற்கு அஞ்சமாட்டான்; பொருளறியாது கேட்பவனே அஞ்சுவான். புகைப்படக் கருவி எல்லார் கையிலும் இருக்க, வரைதல் வீண் உழைப்பு என்பது இரண்டாவது மறுப்பு. கருவி இமைப்பொழுதிற் காண்பதை எடுத்துக்கொள்ளும். எவரையும் எதுவும் வினவாது. வரைபவனோ, அந்தக் கோடு ஏன், இந்த முடி ஏன் என்று வினவியே தீரவேண்டும். அவ்வினாவுக்கு முதியவர் கூறும் விடையே எமக்கு வேண்டுவது. பரீட்சைக்குப் பயன்படாது என்பது மூன்றாவது. பரீட்சையின் அருமையை ஆசிரியராகிய நாம் அறியாதவரல்லேம். ஆனால் பரீட்சைக்குப் பயன்படுவதை மாத்திரம் கற்பிக்கும் கல்லூரிக்கு வினாத்தாள் கட்டு போதும், விழாமலர் வேண்டியதில்லை.

எமக்கு வழிகாட்டிகளும் அயலில் உளர். கண்டிக்கு அண்மையிலுள்ள தெகல்தொருவ குகைவிகாரையின் கூரையிலே, பதினெட்டாம் நூற்றாண்டின் சிங்கள ஓவியர் மாரனின் படையைத் தம் ஊர்க் கோட்டில், தம் ஊர்ச் சிவப்பில் வரைந்தனர். அப்பூதப்படையைக் காண்போர் அதனைக் கண்டிநாட்டு ஓவியமென்று உடனே அறிவர். இம்மரபின் பெருமையை உலகறியச் செய்தவர், கொழும்பிலே 1877 இற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி அவர்கள். நிலத்தின் கீழுள்ள கனிமங்களை ஆராயும் அரசாங்கப் பணியிலிருந்த அப்பெருமகனார், ஊர் ஊராய்ச் சென்று கண்டிநாட்டுக் கைவினைஞரைக் கண்டு, கேட்டு, படமெடுத்து, 1908 இற் பெருநூலாக வெளியிட்டார். கல்லைத் தேடிப் போனவர் கலையையும் தேடிக் கொணர்ந்தார். கேட்டு எழுதியமையே அவர் நூலின் வலிமை.

ஆதலின் எமது கருத்து இது. இக்கல்லூரி மாணவர் காமன் கூத்துக் காலத்தில் தத்தம் தோட்டத்திலே கறுப்பு மையும் பேனாவும் கொண்டு எமனையும், தூதனையும், வீரபத்திரரையும் நேரிற் கண்டு வரைதல் வேண்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் தோட்டத்தின் பெயர், ஆண்டு, வேடத்தின் உறுப்புகள், அவற்றுக்கு முதியோர் கூறும் பொருள் ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். தோட்டந்தோறும் வேறுபாடு இருப்பின் அதனைத் திருத்தி ஒன்றாக்கலாகாது, வேறுபாடே செல்வம். நல்லவை சிலவற்றை லினோலியத் தகட்டிற் செதுக்கிப் படியெடுத்தலும் ஆகும். செப்பும் அமிலமும் தேடி அலையவேண்டியதில்லை, ஒரு சிறு உளியும் மையுருளையும் போதும். எழுத்தாணி பிடித்த மரபினருக்கு அவ்வுளி வசப்படாதோ? தாளும், மையும், தகடும் வாங்கித் தருதல் பழைய மாணவருக்குப் பெரும் பாரமன்று. மாணவரைத் தம் வீட்டுத் திண்ணையில் அமர்த்தி, தாம் ஆடிய வேடத்தைச் சொல்லிக் கொடுக்கும் பழைய மாணவரோ, பொருளினும் பெரியதைத் தந்தவராவர்.

பாதாளத்துக்குள் நுழைந்து நிலமகளை மீட்டது வராகம். மறதியும் ஒரு பாதாளமே. அதனுள் எம் முன்னோர் கண்ட உருவங்கள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றை மேலே கொணரக் கூரிய கொம்பு வேண்டியதில்லை. கூரிய பேனா முனை ஒன்று போதும். அடுத்த மாசித் திங்களில் எமன் களத்தில் இறங்கும்போது, எம் மாணவர் சிலர் தாளும் மையும் கொண்டு அவனெதிரே அஞ்சாது அமர்வாராக. கல்லூரி வாழ்க! கலை வளர்க!